கப்பலில் சம்பந்தி உபசாரம்

கப்பலில் மூன்று வேளைச் சோறும் டிக்கெட்டிலேயே அடக்கம் என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவரோ கையிலிருந்த காபியை அப்படியே கீழே வைத்துவிட்டு, "அப்பறம் சம்பந்திக்கு நாம என்னத்தச் செய்யறது?" என்றார்.

எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் முடிந்திருந்தது. அவளும் மாப்பிள்ளையும் பெங்களூரில் வேலை. கல்யாண நாளைக்கு இவர்களுக்கு நாம் ஏதாவது செய்வோம் என்று பார்த்தால், அவர்கள் எங்களுக்குச் செய்துவிட்டார்கள். இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் கப்பல் டிக்கெட். கொச்சியில் ஏறி, லட்சத்தீவு பார்த்துவிட்டு, மறுபடி கொச்சியிலேயே இறங்க வேண்டும். நாங்கள் இரண்டு பேர், ஈரோட்டிலிருந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும். அவர்களுக்கு மஞ்சள் வியாபாரம். எங்களுக்கு எங்கள் ஊர் கணபதி ஏரியாவில் பம்ப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் சின்ன லேத் பட்டறை. இரண்டு குடும்பமும் அதுவரை ஏறிய பெரிய கப்பல், பொருட்காட்சியில் முன்னும் பின்னும் ஆடுமே, அதுதான்.

மகள் போனில் தெளிவாகச் சொன்னாள். "தங்கறது, சாப்பாடு எல்லாம் டிக்கெட்ல வந்துரும்மா. ஆனா மேல்செலவு இருக்குது. வைஃபை, தனி ரெஸ்டாரன்ட், மசாஜ், போட்டோ, தீவுக்குப் போற படகு, எல்லாத்துக்கும் தனிக் காசு. முன்னாடியே ஒரு தொகை ஒதுக்கி வெச்சுக்குங்க."

உட்கார்ந்து பட்ஜெட் போட்டேன். நான்கு நாள் வாட்ஸப்பில் காலை வணக்கம் வராவிட்டால் யாரும் செத்துப்போக மாட்டார்கள் என்று வைஃபையை அடித்தேன். மசாஜை இவர் அடித்தார். போட்டோ எடுக்கத்தான் கையில் போன் இருக்கிறதே. இலவசச் சோறு இருக்கும்போது காசு கொடுத்துச் சாப்பிட எங்களுக்கு என்ன கிறுக்கா? கடைசியில் மிஞ்சியது தீவுப் படகு ஒன்றுதான். அதை மட்டும் யாரையும் தொட விடவில்லை.

காரணம் இருந்தது. கடலை நான் அதுவரை பார்த்ததெல்லாம் யாராவது செத்த பிறகுதான். மாமனார் அஸ்திக்கு ராமேஸ்வரம், மாமியார் அஸ்திக்கு மறுபடி ராமேஸ்வரம். நனைந்த சேலையோடு குளிரில் நடுங்கிக்கொண்டு, ஐயர் சொல்லும் இடத்தில் முங்கி, சொல்லும் இடத்தில் எழுந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேன் ஏறியதுதான் எனக்கும் கடலுக்கும் உள்ள பழக்கம். இந்தத் தீவில் அடியில் கண்ணாடி வைத்த படகு உண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே பவளப்பாறையையும் மீனையும் பார்க்கலாமாம். யாரும் சாகாமல் ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஆனால் இவருக்கு வேறு கவலை. எங்கள் பெண் கல்யாணம் அவிநாசி ரோட்டு மண்டபத்தில் நடந்தது. கடைசிப் பந்தியில் ஈரோட்டு ஒரம்பரை சனம் உட்கார்ந்திருக்கும்போது இனிப்புக்கு வைத்த ஒப்புட்டு, அதாவது போளி, தீர்ந்துபோனது. ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. "வயிறு நெறஞ்சு போச்சுங்க, இதுக்கு மேல எங்கீங்க எடம்" என்று இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்கள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவர் தேறியிருப்பார். திட்டாமல் போனதில் மனுஷன் இடிந்துபோய்விட்டார். அன்றிலிருந்து சம்பந்தி வீட்டுக்கு எதைச் செய்தாலும் இவருக்குப் போதவில்லை. பொங்கலுக்கு அனுப்பிய கரும்புக் கட்டை இறக்க அவர்கள் ஆள் வைக்க வேண்டியிருந்தது.

கப்பலில் ரொக்கம் செல்லாது. ஏறியதும் கவுன்டரில் பணம் கட்டினால் அறைச் சாவியாக இருக்கும் அட்டையிலேயே ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். இருபத்தைந்தாயிரம் கட்டினோம். அதில் படகுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஏழாயிரம். தீவுக்கு முந்தின நாள்தான் படகு டிக்கெட் கொடுப்போம் என்று கவுன்டர் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

முதல் நாள் மதியம் பஃபேயில் இவர் சாப்பிடவே இல்லை. கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, பரிமாறுகிற பையனை ஓரங்கட்டிவிட்டு, கல்யாணப் பந்தி மாதிரி நின்றுகொண்டார். "இன்னொரு கரண்டி வெச்சுக்குங்க சம்பந்தி. ஏனுங்க, குருமா தொடவே இல்லீங்களே." சம்பந்திக்குப் பின்னால் நின்ற வடக்கத்திக்காரர் ஒருவர் இவரைக் கப்பல் ஆள் என்று நினைத்துத் தட்டை நீட்டினார். இவர் அவருக்கும் போட்டார். அதற்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது.

அறைக்கு வந்தும் இவருக்கு ஆறவில்லை. "எல்லாரும் சும்மா திங்கற சோத்த நான் அள்ளி வெச்சா அது உபசரிப்பா? என்ற கைக்காசு போட்டு ஒண்ணு செய்யோணும்" என்றார்.

"நம்ம கைக்காசு படகுக்குங்க" என்றேன்.

"அதுல கை வெப்பனா?" என்றார். இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கை வைத்திருக்கிறார்.

சாயந்திரம் காசுக் காபியில் ஆரம்பித்தது. பாலைப் பொங்கவிட்டு மேலே இலைப்படம் வரைந்து கொடுக்கும் காபி. நான்கு பேருக்கும் இவர் அட்டையைத் தட்டினார். சம்பந்தி, "எதுக்குங்க இதெல்லாம்" என்று கூச்சப்பட்டுக் குடித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த மனுஷன் இதைச் சும்மா விடுகிற ஜாதி இல்லை.

மறுநாள் காலை சம்பந்தி வந்து கதவைத் தட்டினார். "வாங்க சம்பந்தி, காலுக்கு மசாஜ் சொல்லியிருக்கறேன், காசும் கட்டிப்போட்டேன்." இவருக்கு யாராவது காலைத் தொட்டாலே கூச்சம். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் மரியாதை இல்லையே. இரண்டு பெரிய மனுஷர்களும் அடுத்தடுத்த நாற்காலியில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பும் வலியும் தாங்காமல் நெளிந்ததை நானும் சம்பந்தியம்மாவும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். "சொகமா இருக்குதுங்களா?" "ரொம்பச் சொகமுங்க." இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

அதற்குப் பதிலடியாக இவர், கப்பல் போட்டோக்காரன் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு வாங்கிக் கொடுத்தார். சம்பந்தி உடனே நான்கு பேருக்கும் கப்பல் படம் போட்ட தொப்பி வாங்கினார். மதியம் இவர் எங்களைத் தனி ரெஸ்டாரன்டுக்குக் கூட்டிப் போனார். தாம்பாளம் அளவுக்குத் தட்டு, அதன் நடுவில் கட்டைவிரல் அளவுக்குப் பன்னீர், அதன் மேல் ஒரு தழை. "அருமைங்க" என்று நான்கு பேரும் சொன்னோம். பில் வந்தபோது இரண்டு பேரும் எழுந்து நின்று, பரிமாறிய பையனின் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நான் கூப்ட்டதுங்க." "அதெப்படீங்க, பெரியவன் நான் இருக்கறப்ப." பையன் பயந்துபோய் இரண்டு அட்டையிலும் பாதிப் பாதி போட்டுவிட்டு ஓடினான். அரை மணி நேரம் கழித்துப் பசி தாங்காமல் நான் இலவச பஃபேக்குப் போனால், அங்கே மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயந்திரம்தான் படகு டிக்கெட். கவுன்டரில் அட்டையை நீட்டினேன். அந்தப் பெண் அதே சிரிப்போடு திருப்பிக் கொடுத்தாள். அட்டையில் அறுநூறு ரூபாய் சொச்சம்தான் இருக்கிறதாம்.

எனக்கு வந்ததே கோபம்! அறைக்குப் போய் இவரைப் பிடித்தேன். "எங்கீங்க படகுக் காசு?"

இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எப்புடிப் போச்சுன்னே தெரியலை அம்மணி" என்றார். பிறகு கொஞ்சம் தைரியம் வந்து, "தீவுல அப்புடி என்ன இருக்குது? மண்ணும் தென்னமரமும்தான். பொள்ளாச்சில இல்லாத தென்னமரமா?" என்றார்.

"பொள்ளாச்சில கடல் இருக்குதுங்களா?" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். பாங்கில் மீதி இருந்தது பட்டறைப் பையன்களின் வாரக்கூலி. அதை இவர் தொட மாட்டார், தொடச் சொல்லி நானும் கேட்க மாட்டேன். மகளிடம் கேட்கலாம். கேட்டால் மாப்பிள்ளைக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் ஈரோட்டுக்குத் தெரியும். என் தீவு இவரது மரியாதையில் கரைந்துபோயிருந்தது. பொக்கென்று போய்விட்டது எனக்கு. வெட்கமில்லாமல் அழுதேன்.

மேல்தளத்தில் ஒரு பெஞ்சில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். மூக்குச் சிவந்திருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காத்து நல்லா வருதுங்க அக்கா" என்றேன்.

"ஆமாங்க, நல்ல காத்து" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் காற்றைப் பாராட்டிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவருக்கே தாங்கவில்லை. "நாளைக்குத் தீவுக்குப் போலாம்னு இருந்தனுங்க. எங்க ஊட்டுக்காரரு அட்டையை மொத்தமாத் தொடச்சுப்போட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங்க அக்கா, எங்க ஊட்டுக்காரருதான் ஒப்புட்டுத் தீந்த வெசனத்துல இப்படிப் பண்றாரு. உங்க ஊட்டுக்காரருக்கு என்னங்க வந்துது?"

"ஒப்புட்டா?" சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாங்க சொன்னதுக்கு மேல ஒரு பஸ் ஆளக் கூட்டீட்டு வந்துட்டமுங்களே. அதுலதான தீந்துது? நீங்க ஒரு வார்த்தை கேக்கலையேன்னு அவரு அன்னையிலிருந்து தூங்கறதில்லை. உங்களுக்கு என்ன செஞ்சாலும் அவருக்குப் பத்தறதில்லீங்க."

அட சாமி! ஒரு வருடமாக இரண்டு வீட்டு ஆண்பிள்ளைகளும் ஒரே பந்திக்காக ஒருவரை ஒருவர் உபசரித்தே ஓய்ந்துபோயிருக்கிறார்கள். நானும் சம்பந்தியம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பக்கத்தில் சாய்ந்திருந்த வெள்ளைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

சிரித்து முடித்ததும் சம்பந்தியம்மா இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்தார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சேர்த்து வைத்த அவரது சிறுவாடு. ஐயாயிரம் இருந்தது. என்னிடமும் சிறுவாடு இருந்தது, ஆனால் கொச்சியில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கித் தொலைத்ததில் இரண்டாயிரத்து நானூறுதான் மிச்சம். ஆளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. அவரிடம் ஒரு ஆளுக்குப் போக மீதி இருந்தது. என்னிடம் ஒரு ஆளுக்கே போதவில்லை.

"ரெண்டையும் சேத்தா ரெண்டு பேரு போலாம்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லீங்க அக்கா, நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு அவ்வளவா ஆசை இல்லீங்க." சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அச்சு அசலாக என் வீட்டுக்காரர் குரல். சம்பந்தி வீட்டுக் காசில் போவதா என்று என் வாய் தானாகவே பேசிவிட்டது. இரண்டு நாளாக நான் யாரைத் திட்டினேனோ அவர் என் தொண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தியம்மா எழுந்தார். என் மடியிலிருந்த நோட்டுகளை எடுத்துத் தன் நோட்டுகளோடு சேர்த்து மடக்கினார். "எந்திரி புள்ள. கவுன்டரச் சாத்திப்போடுவாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் தீவில் அந்தப் படகில் ஏறினோம். கண்ணாடிக்கு அடியில் பாறை மூளை மாதிரியும் காலிஃபிளவர் மாதிரியும் கிடந்தது. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து, என்னவோ ஞாபகம் வந்தது போல் சட்டென்று திரும்பிப் போயின. சம்பந்தியம்மா, "இங்க பாரு, இங்க பாரு" என்று என் தோளில் அடித்துக்கொண்டே இருந்தார். நான் குனிந்து மூக்கு கண்ணாடியில் முட்டப் பார்த்தேன். யாரும் செத்திருக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வந்தபோது ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் தொப்பியோடு பஃபேயில் உட்கார்ந்து, இலவச எலுமிச்சைத் தண்ணீர் குடித்தபடி ட்ரம்ப் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அட்டையிலும் காசு இல்லை. வேறு வழியில்லாமல் சிநேகிதர்களாகியிருந்தார்கள். பஸ் கதையை நாங்கள் அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால், "தப்பு என்மேலதான்" என்று இரண்டு பேரும் அடுத்த சண்டையை ஆரம்பித்திருப்பார்கள்.

சம்பந்தியம்மா இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்து, "என்ன புள்ள பண்றே?" என்பார். அவருக்கு நான் தர வேண்டிய ஆயிரத்து நூறு ரூபாய் அப்படியே இருக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் கொடுப்பதாக இல்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால் அன்றைக்கே பழத்தட்டில் வைத்து ஈரோட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.