இடப்பக்கத்துத் தலை

அந்தப் படத்தில் இரண்டு உடம்பும் ஒரு தலையும்தான் இருந்தன. ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் முதியோர் இல்லமொன்றின் சலவைக்கூடத்தில் என்னோடு பதினொரு வருடம் வேலை செய்த அல்பேனியக்காரர், ஒருநாள் கோப்பி நேரத்தில் அதைக் காட்டினார். ஒரே மாதிரி மேலங்கி போட்ட இரண்டு வாலிபர்கள். இடப்பக்கத்தவரின் தலையைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

“வெட்டினது அம்மா. வெட்டுப்பட்டது அப்பா. மற்றது சித்தப்பா” என்றார், தட்டுத்தடுமாறிய நோர்வேஜிய மொழியில்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரரை விரட்டத்தான் அண்ணனும் தம்பியும் மலைக்கு ஏறினார்களாம். தகப்பன் தேசியவாதிகளோடு, சித்தப்பா கம்யூனிஸ்டுகளோடு. ஜெர்மன்காரர் போகுமுன்னே இரண்டு பகுதியும் ஒன்றையொன்று சுடத் தொடங்கிவிட்டன. போர் முடிந்து ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்டுகள் தகப்பனைத் துரோகி என்று சுட்டார்கள். துரோகியின் முகம் வீட்டில் இருந்தால் மிச்சப்பேருக்கும் ஆபத்து. வீட்டுக்காரரே வெட்டி எறிந்துவிடுவார்களாம். காட்டிக்கொடுத்தது சித்தப்பாதான் என்று ஊரில் கதை. “சின்னனில, அம்மா பாக்காத நேரம் அந்த மூஞ்சியில துப்புவன்” என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அண்ணாவும் ஓர் இயக்கத்துக்குப் போய், மற்ற இயக்கத்தின் கையால் துரோகியாகச் செத்தவர். மட்டக்களப்பில் அம்மா அடுப்பை மூட்டிவிட்டு எரிக்கக் கேட்டபோது, அல்பத்திலிருந்து அண்ணாவின் படத்தை உரித்துக் கொடுத்தவன் நான்.

சாகமுன் ஒருதரம் தகப்பன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அல்பேனியக்காரருடைய ஒரே ஆசை. தொடர்பே இல்லாதிருந்த சித்தப்பாவின் மகன் பிறகொரு கோடையில் ஒஸ்லோவுக்கு வந்தார். சித்தப்பாவையும் சில வருடத்தில் அவருடைய கட்சியே துரோகியாக்கிச் சிறையில் சாகவிட்டதாம். “அப்ப சித்தி அவங்கட வீட்டில இருந்த இதே படத்தில சித்தப்பாட தலையை வெட்டியிருப்பா. அந்தப் படத்தில அப்பா இருப்பார், விளங்குதா?” என்று துள்ளினார் மனுஷன். வந்தவரைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வந்தவர் கொண்டுவந்த உறையைத் திறந்தால், அங்கேயும் இடப்பக்கத்துத் தலைதான் இல்லை. அதே வலப்பக்கத்து முகம்.

“இது உன்ட அப்பா. அம்மா அப்பிடித்தான் சொன்னவ” என்றார் வந்தவர்.

“இல்லை, உன்ட அப்பா. எங்கட அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவ.”

இரண்டு தாய்மாரில் ஒருத்தி அரசாங்கத்தையே ஏய்த்திருக்கிறாள். மற்றச் சகோதரனின் தலையை வெட்டி, அதுதான் தன் புருஷன் என்று சொல்லிவிட்டுத் தன் புருஷனைச் சுவரிலேயே வைத்திருந்திருக்கிறாள். பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிடும் என்று பிள்ளைக்கும் மறைத்திருக்கிறாள். யார் அவள்? இருவரும் இப்போது உயிரோடில்லை. யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிச்சம். “உங்களுக்கேனப்பா அவங்கட தலையிடி?” என்பாள் என் மனைவி. ஐயோ, என் அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாது. அன்று நான் அடுப்புக்கு வேறு யாருடைய படத்தையாவது கொடுத்திருக்கலாமே!

போன ஞாயிறு பியோர்ண்டாலில் அல்பேனியக்காரர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. கதைத்துக்கொண்டே எழும்பிப் போய், சட்டைக் கையால் அந்த முகத்தின் மேலிருந்த கண்ணாடியைத் துடைத்தார்.

“ஆரெண்டு தெரிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“இல்லை” என்றார். “ஆனா துப்பினது நான்தானே.”