பதினான்காம் குழி ஓடையும் ஹமீதாவும்

ஜூரோங் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது ஹமீதாவின் தம்பி அழைத்தார். "அண்ணே, அக்கா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றார். அடுத்த நிலையத்தில் இறங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முந்தைய வாரம்தான் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி என்னோடு அரை மணிநேரம் சண்டை போட்டார். அத்தனை தெம்பாகச் சண்டை போட்ட மனுஷி எப்படிப் போவார்? எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் ஹமீதாவோடு வேலை பார்த்தவர்கள். கோல்ஃப் திடல் வடிவமைப்பது அவர் தொழில். அந்தத் திடலுக்குக் குழாயும் வடிகாலும் போடுவது என் தொழில். பதினெட்டு ஆண்டுகள் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம் என்பதைவிட, சேர்ந்து வாக்குவாதம் செய்தோம் என்று சொல்லலாம். வாக்குவாதமெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். பந்து விழுந்தால் ஆட்டக்காரர் தண்டனைப் புள்ளி வாங்கவேண்டிய தண்ணீர் இருக்கிறதே, அதை மண்ணைத் தோண்டி, அடியில் பிளாஸ்டிக் விரித்து, நாமே நிரப்புவதா, அல்லது நிலத்தில் ஏற்கனவே ஓடுவதை வைத்துக்கொள்வதா?

ஹமீதா இயற்கைக் கட்சி. வெறியென்றே சொல்வேன். நீலச் சாயம் கலந்து நடுவில் ஃபவுண்டன் வைத்த குளத்தைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "இது குளமா சேகர்? கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்குலா!" என்பார். நான் விடமாட்டேன். "குழாய்த் தண்ணில சோறு ஆக்கிச் சாப்பிட்டுட்டு இயற்கையைப் பத்திப் பேசாதீங்க" என்பேன். தேக்கா உணவங்காடியில் எங்கள் மேசைக்குத் தேநீர் கொண்டுவருபவர், "இன்னிக்கி யாரு ஜெயிச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் காசு வாங்குவார்.

ஒரு பழைய திடலைப் புதுப்பிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. அங்கே பதினான்காம் குழிக்கு முன்னால் ஒரு சின்ன ஓடை. மழையே இல்லாத பிப்ரவரியிலும் அது ஓடியது. மீன்கொத்தி வந்து உட்காரும், தும்பி பறக்கும். நிர்வாகக் குழுவுக்கு அதை மூடிவிட்டுப் பெரிய குளம் வெட்ட ஆசை. ஹமீதா சீறிவிட்டார். "இது ஊற்றுத் தண்ணீர், வற்றவே வற்றாது. வற்றினால் என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் தனியாகத் தலைமையேற்று வடிவமைத்த முதல் திடல் அது. அதற்காக எத்தனை வருடம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

இறுதி முடிவு எடுக்கும் கூட்டத்துக்கு முன்பு ஒருநாள், வால்வு மாற்றுவதற்காகப் பழைய பாசனக் குழாயை மூடினேன். மத்தியானம் ஓடை நூலாக இளைத்துக் கிடந்தது. குழாயைத் திறந்துவிட்டேன். சாயங்காலம் ஓடை மறுபடி சலசலத்தது. ஊற்றாவது ஒன்றாவது! எந்தக் காலத்திலோ புதைத்த குழாய் மண்ணுக்கடியில் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது.

தேக்காவுக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். ஹமீதா தேநீரைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. அழப்போகிறார் என்று நினைத்தேன். மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, அங்காடியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "ஒழுகுற குழாயையா நான் ஊற்றுன்னு சொன்னேன்? ஐயோ அல்லா! அப்ப மீன் எப்படி வந்துச்சு? வாங்க, போய்ப் பார்ப்போம்!" பையை எடுத்துக்கொண்டு கிளம்பியேவிட்டார்.

நான் தடுத்தேன். "கூட்டம் முடியட்டும். நாம வாயை மூடிக்கிட்டா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே!" என்றார். சிரிப்பு போய்விட்டது. "நல்ல தண்ணியை மண்ணுல விட்டுட்டு, அதுமேல என் பேரைப் போட்டுக்கவா? என்ன பேச்சுப் பேசுறீங்க நீங்க?"

கூட்டத்தில் ஹமீதாவே எழுந்தார். "நான் சொன்னது தப்பு. இது ஊற்று இல்லை, உங்கள் குழாயின் ஒழுக்கு. இன்றே அடைக்கச் சொல்லிவிட்டேன்" என்றார். குழுத் தலைவர் ஃபவுண்டன் வைத்த குளத்தின் படத்தை எடுக்கப்போனார். "பொறுங்கள், இப்போதுதான் விஷயமே நன்றாயிருக்கிறது!" என்று ஹமீதா பலகைக்கு ஓடினார். கட்டடக் கூரையிலும் புல்வெளியிலும் விழும் மழையெல்லாம் நேராகச் சாக்கடைக்குப் போகிறது, அதை மேட்டிலே இரண்டு பள்ளங்களில் தேக்கி மெதுவாக ஓடைக்கு விடலாம் என்று வரைந்து காட்டினார். மழை பெய்தால் ஓடை அகலும், வெயிலில் ஒடுங்கும், ஆட்டக்காரருக்கு மாதத்துக்கு மாதம் வேறு ஆட்டம் கிடைக்கும் என்றார். அப்படிப் பேசியவரை நான் அதுவரை பார்த்ததில்லை! ஓர் உறுப்பினர், "இது இயற்கையா, செயற்கையா? ஒன்றைச் சொல்லுங்கள்" என்று மடக்கினார். "இரண்டும்தான். அதனால் உங்களுக்கு என்ன சிரமம்?" என்றார் ஹமீதா.

ஓடை தப்பியது. ஹமீதா தப்பவில்லை. அவர் சொன்ன வார்த்தையை அவருக்கே நினைவூட்டி, பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அவர், "நான்தானே சொன்னேன், விடுங்க" என்றார். திரும்பும் ரயிலில் கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் பள்ளங்கள் வெட்டி முடித்தபின் வந்த முதல் பெருமழைக்கு எனக்கு முன்னால் திடலில் நின்றது யார் என்கிறீர்கள்! மின்னல் எச்சரிக்கைச் சங்கு அடங்கியதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மேட்டுப் பள்ளம் நிரம்பி, அடுத்தது நிரம்பி, தண்ணீர் வளைந்து இறங்கியது. "வருது சேகர், வருது! பாருங்க, நான் வரைஞ்ச மாதிரி வரலை, அதுவா ஒரு வளைவு எடுக்குது!" என்று கத்தினார். தன் பெயர் இல்லாத திடலில், சேறு தெறித்த சேலையோடு அப்படிக் குதித்தார்.

போன வாரம் ஜூரோங்கில் ஒரு கூட்டம். நான் போட்ட வடிகால் சரிவு தப்பு என்பது பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. எழுந்து, "நான் சொன்னது தப்பு! இருங்கள், வேறு வழி இருக்கிறது!" என்று பலகைக்குப் போனேன். என் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். ஹமீதாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். வெளியே வந்ததும் அவரிடம் சொல்லவேண்டும் என்ற துடிப்பில் போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தியும்விட்டேன். தம்பிதான் எடுத்தார். "மறந்துபோய் அழுத்திட்டேன் தம்பி" என்றேன். "பரவாயில்லண்ணே, அக்காகிட்ட சொல்ல வந்ததை என்கிட்ட சொல்லுங்க" என்றார். அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, சரிவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.