அத்தை மார்போடு மலையேறிய மல்லி

பேருந்து முழுக்க டீசல் நாற்றம். என் மூக்குக்கு மட்டும் மல்லிகை வாசம், அதுவும் உடம்புச் சூட்டில் வெந்து, கடைசி இருக்கை வரைக்கும் காட்டிக்கொடுக்கிற வாசம்.

சத்தியவேட்டிலிருந்து அத்தை மகனுக்கு மொட்டை போடத் திருமலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வாரம்தான் அத்தை 'பால் மறக்கடித்திருந்தாள்'. பால் கட்டிக்கொண்டு, மார்பு கல்லாகி, உடம்பு அனலாய்க் கொதித்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு மருந்து கிணற்றடி மல்லிச் செடிதான்: பூவை நசுக்கி மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும், இலையை வதக்கி ஒற்றினால் வீக்கம் வடியும். விடியற்காலையில் அந்தப் பூவைப் பறித்துக்கொடுத்த மகானுபாவன் நான்.

மலையடிவாரத்து அலிபிரியில் நடத்துனர், "பூலு தீசேயண்டம்மா, தலையில இருக்கிற பூவெல்லாம் எடுத்துடுங்க" என்று குரல் கொடுத்தார். மலைமேல் பூவெல்லாம் பெருமாளுக்கு, மனிதர் சூடக்கூடாது என்பது எங்கள் ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். அத்தை கொண்டைச் சரத்தை எடுத்துப் போட்டாள். ரவிக்கைக்குள் கட்டிய பூ அசையவில்லை.

ஒவ்வொரு வளைவிலும் பேருந்து சாய்ந்தபோது பெருமாள் குறிபார்க்கிறார் என்றே நினைத்து, பக்கத்திலிருந்த நைனாவின் வேட்டியை இறுகப் பிடித்தேன்.

"வுடுடா, அவுந்துக்கப் போவுது" என்றார் அவர்.

பொறுக்க முடியாமல் முன் இருக்கைக்கு எக்கி, "அத்த, அந்தப் பூவ எடுத்துப் போட்ரு. சாமி பஸ்ஸ உருட்டிடும்" என்றேன்.

"எடுத்தா நான் உருண்டுடுவேன்டா. நெருப்பா எரியுது."

அத்தை பக்கத்திலிருந்த அம்மா திரும்பினாள். "தலையில வெச்சாதான்டா அலங்காரம், இது மருந்து. மாருலயே தாயார வெச்சிக்கினு நிக்கிறவருக்கு இதுகூடவா புரியாது? கம்னு உக்காரு."

சன்னிதியில் "ஜரகண்டி" என்று நகரச் சொல்லித் தள்ளிய அந்த ஒரு கணத்திலும் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், பெருமாளைப் பார்க்கவேயில்லை. மலையிறங்கும்போது அத்தைக்கு வேர்த்து ஜுரம் விட்டிருந்தது. "பசிக்குது, அந்த லட்ட எடு" என்றாள். நான் மட்டும் கடைசி வளைவு தாண்டும்வரை லட்டைத் தொடவில்லை, தண்டனை பாக்கியிருந்தால்?

அத்தையும் அம்மாவும் இன்று இல்லை. கிணற்றைத் தூர்த்த இடத்தில், கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்கான வாடகை அறைகள். போன மாதம் என் மகள் பால் மறக்கடித்தபோது அதே ஜுரம். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் அவளுக்குக் குறைந்தது, எனக்குத்தான் குறையவில்லை. கடைத்தெருவுக்கு ஓடி மல்லி வாங்கிவந்தேன். பாதி வழியில், தோட்டத்தில் என்ன பூச்சிமருந்து அடித்தார்களோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்று முகர்ந்து பார்த்தேன். வாசம் நன்றாகத்தான் இருந்தது. இருந்தும், மகள் உடம்பில் நம்பி வைக்க அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுபோக மனம் வரவில்லை.