மணம் போன சோப்பு

நேற்று பேரனின் பிறந்தநாள் கேக்கை வெட்டியதும் வாதுமை எசன்ஸ் வாசனை குப்பென்று எழுந்தது. எல்லோரும் தட்டை நீட்டினார்கள். நான் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். சர்க்கரைக்குப் பயந்து என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அந்த வாசனைக்குப் பெயர் பென்சால்டிஹைடு. ஒருகாலத்தில் அதைச் சொட்டுச் சொட்டாக எண்ணி ஊற்றியவன் நான். ஐம்பதுகளின் தொடக்கம். வேதியியல் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்குத் திரும்பி, உத்தியோகம் கிடைக்காமல் இருந்தேன். பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த செல்லையா, "வாரும் வே, சோப்புப் போடுவோம். நீரு காய்ச்சும், நான் விக்கேன்" என்றான். கழுகுமலைச் சாலையில் ஓர் ஓலைக் கொட்டகை பிடித்தோம்.

வாசனையை ஏன் கடைசியில் ஊற்றுகிறேன் என்று ஒருநாள் கேட்டான். யாராவது கேட்டால் எனக்குப் போதுமே! கல்லூரியில் அதே இனத்து அசிட்டால்டிஹைடோடு காஸ்டிக் சோடாக் காரத்தைச் சூடாக்கி, குழாயில் ஒட்டிய மஞ்சள் பிசினைச் சுரண்டவே பாதி நாள் போன கதையிலிருந்து ஆரம்பித்தேன். பென்சால்டிஹைடு அப்படிப் பிசினாகாது. கடுங்காரம் பட்டால் அதன் இரண்டு மூலக்கூறுகளில் ஒன்று ஆல்கஹாலாகும், மற்றது அமிலத்தின் உப்பாகும். ஆகவே காரமெல்லாம் எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும் என்றேன்.

"அப்பம் காரம் கூடிட்டா வாசனை போயிருமோ?"

"சுத்தமாப் போயிரும் வே."

சோப்புக்கு நல்ல பேர். சிவகிரி, திருவேங்கடத்துக் கடைக்காரர்கள் "பி.எஸ்ஸி. படிச்சவுக போடுத சோப்பு" என்று தேடி வந்தார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்காகப் பெரிய அளவில் போட்டோம். நானே அளந்து, கலக்கி, மணம் ஊற்றி முடித்தேன். தட்டில் வார்க்கிற வேலையை மட்டும் செல்லையாவிடம் விட்டுச் சாப்பிடப் போனேன்.

நான்காம் நாள் கடைக்காரர்கள் முன்னிலையில் வெட்டினோம். மணமே இல்லை. சிவகிரிக்காரர், "அண்ணாச்சி, கையெல்லாம் எரியுதே" என்று விரலைத் தண்ணீரில் முக்கினார். பினாப்தலீன் ஒரு சொட்டு விட்டேன். சட்டென்று ரோஜா நிறம் ஏறியது. காரம் மிஞ்சியிருந்தது. என் அளவுதான் தப்பு. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். செல்லையா தோளை அணைத்துக்கொண்டு, "விடும் வே, மனுசன்னா தப்பு வராதா?" என்றான்.

வெட்கத்தில் அந்த வாரமே விலகி, பிறகு தாலுகா ஆபீசில் குமாஸ்தா ஆனேன். அவன் என் முறையிலேயே சோப்புப் போட்டான். நன்றாகவே மணத்தது.

இரண்டு வருடம் கழித்து, எங்களுக்குச் சோப்பு வெட்டிக் கொடுத்த தங்கம் அக்கா பட்டா விஷயமாக ஆபீசுக்கு வந்தாள். என்னைக் கண்டதும் கண் கலங்கினாள். "ஒங்க மேல தப்பில்ல தம்பி. நீங்க சாப்பிடப் போன பொறவு அவுக இன்னொரு சட்டி காரத்த ஊத்திக் கலக்குனாக. நான்தான் வாயத் தொறக்கல."

நேரே போய்க் கேட்டேன். செல்லையா மறுக்கவில்லை. "தெருத்தெருவா அலைஞ்சு வித்தது நான். வந்தவன் எல்லாம் ஒம்மையத்தான வே கேட்டான்?" என்றான்.

ஊற்றியதைக்கூட மன்னித்திருப்பேன். தோளை அணைத்தானே, அதை முடியவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை. செல்லையாவும் இல்லை, சாவுக்கு நான் போகவில்லை. என் கை அளந்தால் சரியாக இருக்கும் என்றொரு நம்பிக்கை இருந்தது பாருங்கள், உண்மை தெரிந்த பிறகும் அது மட்டும் திரும்பி வரவில்லை. குழம்புக்கு உப்புச் சரியா என்று மனைவி கேட்டால், இரண்டு தரம் ருசி பார்த்துவிட்டு, "எதுக்கும் நீயும் ஒருக்கப் பாத்துக்கோ" என்றுதான் இன்றும் சொல்கிறேன்.