முதல் துவக்கு

சனிக்கிழமை காலை பத்தேகால் மணி. முதலில் கண்ணில் படுவது சுவரோரம் வரிசையாக நிற்கும் துப்பாக்கிகளும், அவற்றை ஒன்றாகப் பூட்டியிருக்கும் நீண்ட சங்கிலியும். கனடாவின் மொன்றியல் துறைமுகத்துக்கு அருகிலுள்ள இந்தக் கடையில் நான் லட்டுப் பெட்டியோடு நிற்கிறேன்.

“முதல் துவக்கு எடுக்கப் போறன், வாங்கோ” என்று இங்கே அறிமுகமான ரெஜினா நேற்று தொலைபேசியில் அழைத்தார். சென்னைக்காரனான நான் ஏதோ திறப்பு விழா என்று நினைத்துவிட்டேன். இலங்கையின் மன்னார்க்காரரான அவருக்குத் துவக்கு என்றால் துப்பாக்கி.

“லட்டையே சுடப் போறம், அண்ணை?” என்று சிரிக்கிறார்.

அவர் இலக்குச் சுடும் கிளப்பில் இரவல் துப்பாக்கியோடு பழகுகிறவர். உரிமம் கையில் இருக்கிறது. கடைக்காரர் நீட்டும் அரைத் தானியங்கித் துப்பாக்கியை இடத்தோளில் வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறார்.

“இதுவும் சுட்ட தோட்டாவின்ர வெற்றுக் கோதை வலப்பக்கம்தான் தள்ளும். எனக்கு இடக்கை. கோது முகத்துக்கு முன்னால பறக்கேக்க கண்ணை மூடிடுவன். சண்டைக்குள்ள வளந்த பயம், இனிப் போகாதெண்டு நினைச்சன். கிளப்பில கேட்டா, இடக்கைக்காரர் கனபேருக்கு இப்பிடித்தானாம். இண்டைக்கும் சரியானது கிடைக்காட்டி விட்டிடுவன்.”

“கோஷ்?” என்று கடைக்காரர் பிரெஞ்சில் கேட்டுத் தன் இடக்கையைத் தூக்கிக் காட்டுகிறார்.

“ஓம்” என்கிறார் ரெஜினா. பிறகு பிரெஞ்சில், “உவீ.”

கடைக்காரர் உள்ளே போய் இன்னொன்றை எடுத்து வருகிறார். ரெஜினா அதைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, தோளில் வைக்கிறார். வெகுநேரம் இறக்கவில்லை.

“இதுதான், அண்ணை.”

கடைக்காரர் ஒரு லட்டு எடுத்துக்கொள்கிறார். இந்தத் துப்பாக்கியில் வெற்றுக் கோது இடப்பக்கம் விழும்.