லென்ஸ் பார்க்கப் போகும் ஞாயிறுகள்

சந்தானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் லென்ஸ் பார்க்கப் போவது. பழைய கேமரா லென்ஸ் விற்பனைக்கு என்று யாராவது இணையத்தில் விளம்பரம் போட்டால் போதும், ஃபோன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு, தன் கேமராவைத் தோளில் மாட்டிக் கிளம்பிவிடுவார். மியாப்பூர், உப்பல், மலக்பேட்டை என்று ஹைதராபாத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறார். வாங்கியது அபூர்வம்.

விருதுநகர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர். அல்வாலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தபடியே மென்பொருள் கம்பெனி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய் ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரில் கேட்கும் குரல்கள்தான். ஞாயிறன்று மட்டும் யாரோ ஒருவர் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அந்த லென்ஸை வாங்கிய கதையைச் சொல்வார். சந்தானம் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பார். கேமராவில் மாட்டி எதிர்ச்சுவரைப் படம் எடுப்பார். படத்தின் ஓரங்கள் கலங்காமல் விழுகின்றனவா என்று பார்க்கச் சுவர்தான் வசதி. பிறகு "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துகொள்வார்.

போன மழைக்காலத்தில் சைனிக்புரியிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. ஃபோனில் அவர் தெலுங்கில் ஆரம்பித்ததுமே, "நீங்க தமிழா? அப்ப தமிழ்லயே பேசுங்க" என்றது ஒரு வயதான பெண்குரல்.

அந்த அம்மாள் பெயர் பகவதி. கணவர் அருணாசலம் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முந்தின வருஷம் காலமாகிவிட்டார். பெங்களூரில் இருக்கும் மகள் ஸ்ரேயாதான் விளம்பரம் போட்டிருந்தாள். மெல்லிய துணியில் சுற்றியிருந்த லென்ஸைப் பகவதி அம்மாள் இரண்டு கையாலும் கொண்டுவந்து வைத்தார். மனித முகங்களை எடுப்பதற்கென்றே செய்யப்படும் லென்ஸ் அது. பூஞ்சை துளியும் இல்லை.

சந்தானம் வழக்கம்போல் சுவரைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினார்.

"சுவத்தப் போய் எதுக்கு எடுக்கிறீங்க தம்பி?"

"டெஸ்ட் பண்றதுக்கும்மா."

"அவர் அதுல என்னையேதான் எடுப்பார்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஜன்னலோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

சந்தானம் சுவரிலிருந்து கேமராவைத் திருப்பினார். இத்தனை வருஷத்தில் அவர் ஆளை வைத்துப் படம் எடுத்ததே இல்லை. யாரை எடுப்பது? ஜன்னல் வெளிச்சம் அந்த அம்மாளின் ஒரு கன்னத்தில் விழுந்தது. கண்ணில் ஃபோகஸ் வைத்து அழுத்தினார். திரையில் முகம் மட்டும் தெளிவாக நின்றது. அறை முழுவதும் பின்னால் கரைந்து போயிருந்தது.

பகவதி அம்மாள் ரொம்ப நேரம் அதையே பார்த்தார். "எனக்குக் கூடக் கொஞ்சம் வயசாயிடுச்சு, ஹவ்" என்று ஹைதராபாத்காரர்கள் ஆமாம் போடுகிற மாதிரி சொன்னார்.

காபி வந்தது. பேச்சு எங்கெங்கோ போனது. கிளம்பும்போது, "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார் சந்தானம்.

"யோசிங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நேர்லயே வந்து சொன்னாலும் சரிதான்."

இந்த லென்ஸை வாங்கிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டார். ஆனால் அன்றைக்கே ஃபோன் செய்து சொன்னால், ஞாயிற்றுக்கிழமை போய் என்ன பேசுவது? சொல்லாமலே இருந்தார். வாரத்தின் நடுவில் செகந்திராபாத் போய் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துவந்தார்.

ஞாயிறன்று கேட் அருகிலேயே பகவதி அம்மாள் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை ஒரு பையன் வந்தான் தம்பி. எதையும் பார்க்கல, டெஸ்ட் கூடப் பண்ணல. வாங்கிட்டுப் போயிட்டான். நீங்க ஃபோன் பண்ணுவீங்கன்னு இருந்தேன்."

"பரவால்லம்மா."

"உள்ள வாங்க, காபி குடிச்சிட்டுப் போங்க."

பார்க்க லென்ஸ் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் போய் எப்படி உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. "இல்லம்மா, இன்னொரு இடத்துக்குப் போகணும்" என்றார். போக ஓரிடமும் இல்லை. படம் இருந்த உறையை அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மாள் உறையைப் பிரிக்காமல் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். அல்வால் போகும் பஸ் வந்து போனது, ஏறவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். தூறல் வலுத்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: "படத்துல என் கண்ணாடி கோணலா இருக்கு. அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி."

அவர் எழுதினார். அழித்தார். இன்னொரு நாள் வந்து வேறு படம் எடுத்துத் தருகிறேன் என்று நீளமாக எழுதி, ஒருமுறை வாசித்துப் பார்த்து, அதையும் அழித்தார். கடைசியில் "சாரிம்மா" என்று மட்டும் அனுப்பினார். அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.