சம்பந்தியம்மா இழந்த மூன்று ரெஸ்டோரண்டுகள்

எங்கள் மகளின் கலியாணத்தில் மாப்பிள்ளையின் தாய்க்கு நாங்கள் ஒரு வேலையும் மிச்சம் வைக்கவில்லை. மண்டபம், சமையல், கேக், பூ, வீடியோ எல்லாவற்றையும் எங்கள் ஆட்களே பிடித்துக்கொண்டார்கள். அழைத்த சனத்தில் நானூறு பேர் எங்கள் பக்கம், பதினெட்டுப் பேர் அவருடைய பக்கம். அவர் மொன்றியலில் வில்லரேப் பகுதியில் தனியாக இருந்த பிரெஞ்சுக்கார அம்மா. புருசன் இறந்து ஆறு வருடம். ஒரே மகன். அந்த மகனையும் எங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மண்டபத்தில் இரண்டு மேசையோடு ஒரு மூலையில் இருக்கப் போகிறவர்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் கோயிலில் ஒத்திகை. யார் எந்தப் பக்கம் நிற்பது, யார் எப்போது நடப்பது என்று பங்குச் சுவாமியார் சொல்லித் தருவார். அது முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பகுதியாரையும் ஒரு ரெஸ்டோரண்டில் இருத்திச் சாப்பாடு கொடுப்பது இங்கே சிலரின் வழக்கம். அதைத் தான் தருவதாகவும், தான் சொல்லும் இடம் எங்களுக்குப் பிடிக்கிறதா என்று மட்டும் நாங்கள் சொன்னால் போதும் என்றும் சொல்லியனுப்பினார்.

மகள் வந்து சொன்னபோது அவளுடைய குரலே மாறியிருந்தது.

"அப்பா, அவவுக்கு இது ஒண்டுதான் இருக்கு. எந்த இடம் சொன்னாலும் நீங்கள் ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ."

ஓம் என்றுதான் சொன்னேன். இரவு செபமாலை சொல்லும்போதுதான் அந்த நாள் வெள்ளிக்கிழமை என்பது மண்டையில் ஏறியது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். மகளுக்கு ஒன்பது வயதில், நாங்கள் சண்டையில் இடம்பெயர்ந்து மடு மாதா கோயில் வளவுக்குள் கிடந்தபோது, அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்தில்லை. என் மனைவி மாதாவுக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, பிள்ளை பிழைத்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் ஆயுசுக்கும் வெள்ளிக்கிழமையில் இறைச்சி தொடமாட்டோம் என்று நேர்ந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. நான் அந்த நேரம் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன். வாளியோடு திரும்பி வந்தபோது என் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் முடிந்துபோயிருந்தன. பிள்ளை பிழைத்தாள். அதற்கு நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நன்றி சொல்லித்தான் மீன் சாப்பிடுகிறேன்.

மீன் சாப்பிடலாம் என்றால் பிறகென்ன பிரச்சினை என்று நீங்கள் கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர் ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்திருக்கமாட்டார்.

நான் மொன்றியலுக்கு வந்த இரண்டாம் கிழமையே கோப்பை கழுவத் தொடங்கினவன். பிறகு மரக்கறி வெட்டினேன். பிறகு சூப்புப் பானைக்கு உயர்ந்தேன். பதினாலு வருடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது என்னவென்றால், மரக்கறி சூப் என்று சாப்பாட்டு அட்டையில் எழுதியிருப்பது மாட்டெலும்பு அவித்த தண்ணீரில் மிதக்கும் மரக்கறி. மீனுக்கு மேலே பளபளவென்று ஊற்றுகிறார்களே, அது கன்றுக்குட்டியின் எலும்பு காய்ச்சிய சாறு. உருளைக்கிழங்கு, கோழி குளித்த எண்ணெயில் குளித்து வருகிறது. சோற்றுக்குள்ளும் கோழிச்சாற்றுக் கட்டி கரைத்திருப்பார்கள். வெளியே இருந்து சாப்பிடுகிறவர்கள் ஒன்றும் அறியாமல் புண்ணியவான்களாக எழும்பிப் போகிறார்கள்.

மனைவிக்கு இதைச் சொன்னேன்.

"தெரியாமல் சாப்பிட்டால் பாவமில்லை," என்றாள். "உங்களை ஆர் தெரிஞ்சுகொள்ளச் சொன்னது?"

சுவாமியாரிடம் போய்க் கேட்டேன். எலும்பு அவித்த தண்ணீரைத் திருச்சபைச் சட்டம் இறைச்சியாக எண்ணுவதில்லை என்றும், இந்த நாட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சிக்குப் பதிலாக வேறு ஒரு நல்ல காரியம் செய்தாலும் சரி என்றும் சொன்னார். துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள்.

"சுவாமி தங்கமான மனுசன். ஆனா நேர்த்தி வைச்சது சுவாமியோ, நானோ?"

அதோடு திருச்சபைச் சட்டம் எங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது.

உள்ளதைச் சம்பந்தியம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம். அதற்கு மகள் விடவில்லை. அந்த அம்மா கோயில் பக்கம் போய் முப்பது வருடம். எங்களுக்காகக் கோயில் கலியாணத்துக்குச் சம்மதித்திருந்தார். பூசை தமிழிலும் நடக்கும், ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்றபோதும் ஒன்றும் சொல்லவில்லை. "இனி வெள்ளிக்கிழமைக் கதையையும் கொண்டுபோய் அவவுக்கு மேல ஏத்தாதேங்கோ அப்பா," என்று மகள் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

ஆக, சாப்பிடவும் முடியாது, காரணம் சொல்லவும் முடியாது, பொய் சொல்லவும் முடியாது.

முதலில் அவர் சொன்னது செயிண்ட் டெனி தெருவில் ஒரு இடம். தானே எனக்கு டெலிபோன் எடுத்தார். பார்த்துச் சொல்கிறேன் என்றுவிட்டு, அந்தக் குசினியில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்தேன். நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கட்டடத்தில் பத்து வீடு இருந்தால் பத்துக் குசினியின் சங்கதியும் படியில் ஏறி இறங்கும்போதே கிடைக்கும். எல்லாச் சாப்பாட்டிலும் இறைச்சித் தண்ணீர் இருக்கிறது என்று அவர் சொன்னது நான் எதிர்பார்த்ததுதான். சம்பந்தி பகுதியாரைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"சம்பந்தியோட கோவமெண்டால் கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை," என்றார். பொரிக்கிற எண்ணெய் மார்கழியில் நத்தாருக்கு மாற்றியதாம். அப்போது பங்குனி மாதம்.

இங்கே என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்லவேண்டும். அது முழுக்கக் குசினியில் படித்தது. எண்ணெய், எலி, பூஞ்சணம், கெட்டுப்போனது, கழுவு, எறி, கெதியாய். இவையெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நேர்த்திக்கடனுக்கு என்ன பிரெஞ்சு என்று இன்றுவரை தெரியாது. ஆகவே நான் அந்த அம்மாவுக்குச் சொல்லக்கூடிய உண்மை எதுவோ அதைச் சொன்னேன். அந்த எண்ணெய் கறுப்பு, மதாம். மூன்று மாத எண்ணெய்.

மூன்று மாதமா என்று திருப்பிக் கேட்டார். பிறகு, தான் இருபது வருடமாக அங்கே சாப்பிடுவதாகச் சொன்னார்.

அடுத்தது பார்க் அவெனியூவில் கிரேக்கரின் மீன் சாப்பாட்டுக் கடை. மீன் என்றதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. விசாரித்தால், மீனை வாட்டுகிற அதே கம்பியில்தான் ஆட்டிறைச்சியும் வாட்டுகிறார்களாம். ஆட்டுக்கொழுப்பு உருகி மீனுக்கு மேலேயே விழுமாம். அதோடு வேறு ஒரு சங்கதியும் வெளிவந்தது. அதை அவருக்குச் சொல்ல எனக்கு ஒரே ஒரு சொல் தேவைப்பட்டது. எலி. அவர் நன்றி சொல்லி டெலிபோனை வைத்தார்.

மூன்றாவது, ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு இத்தாலியன் இடம். அங்கேயும் எல்லாவற்றிலும் இறைச்சித் தண்ணீர், போதாக்குறைக்கு ஒரு மேசையில் மிஞ்சிய பாண் அடுத்த மேசைக் கூடைக்குப் போகும். அதையும் சொன்னேன். அங்கே தனக்கு மிகவும் பிடித்ததே அந்தப் பாண்தான் என்றார்.

பொய் சாட்சி சொல்லாதே என்றுதான் கட்டளை இருக்கிறது, நான் சொன்னதெல்லாம் மெய் என்று எனக்கு நானே சேர்ட்டிபிக்கேட் கொடுத்துக்கொண்டேன். ஆனால் படுக்கப் போகும்போது அந்தச் சேர்ட்டிபிக்கேட் உறுத்தியது. மெய்யை நான் மறைப்புக்கட்டத்தான் பாவித்தேன் என்பது ஆண்டவருக்குத் தெரியும்.

ஒரு கிழமை போக மகள் கோபமாக வந்தாள்.

"அவ ஒவ்வொரு ஞாயிறும் தன்ர அக்காவோட வெளியில சாப்பிடப் போறவ. இப்ப போறேல்லையாம். அக்காவையும் போகவிடேல்லையாம். மகன் கோப்பி குடிக்கக் கூப்பிட்டாலும் கோப்பையைத் தூக்கித் தூக்கிப் பாக்கிறாவாம். என்னப்பா சொன்னீங்கள்?"

"உண்மையைத்தான் பிள்ளை சொன்னன்."

"உண்மையை அளவாச் சொல்லியிருக்கலாம்," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

அடுத்த சனிக்கிழமை சம்பந்தியம்மா நேரிலேயே வந்தார். மனைவியும் மகளும் கலியாணத்துக்குப் பலகாரம் சுடுவதற்கு அன்று ஒருமுறை பாகு பதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்க எண்ணெய்ப் புகை. அவர் மேலங்கியைக் கழற்றாமலே மேசையில் வந்திருந்து, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக வைத்துக் கதைத்தார்.

தன்னிடம் இன்னும் ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருக்கிறது என்றார். தன் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, மூலையில் பச்சைக் கதவு போட்ட சின்ன இடம். புருசன் இருந்தபோது ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அங்கேதான் போனார்கள். அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்றும் மகனைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் போனார். அன்று குடித்த வெங்காய சூப்புத்தான் தன்னை எழுப்பி நிறுத்தியது என்றார். பிறகு இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார்.

"இந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள்."

மகள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மனைவிக்குப் பிரெஞ்சு விளங்காது. என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னப்பா, அங்கையும் எலியோ?"

எலி இல்லை. கறுத்த எண்ணெய் இல்லை. பழைய பாண் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்தில்தான் நான் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். அடுப்பை இழுத்துவைத்துப் பின்சுவரை உரஞ்சிக் கழுவுகிறவன் நான். அந்த வெங்காய சூப்பு என்னுடைய சூப்பு. அவருடைய புருசனின் செத்தவீட்டன்று குடித்ததும் நான் காலையில் ஏற்றிய பானையில் இருந்து வந்ததுதான். நான் ரெஸ்டோரண்டில் வேலை என்று அவருக்குத் தெரியும், எந்த இடம் என்று அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. அவர் அந்த இடத்தைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் இவ்வளவு நாளும் வேண்டிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அதைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒரு உண்மையும் இல்லை.

சொன்னேன். அது நான் வேலை செய்யும் இடம், மதாம். சுத்தம். சூப்பு நான் செய்வது.

அவர் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தார். பிறகு, அப்படியென்றால் இது சரிதானே என்று கேட்டார். எனக்குப் பிரெஞ்சு முடிந்துவிட்டது.

"பிள்ளை, நீயே சொல்லு. என்னால ஏலாது."

மகள் சொன்னாள். மடு, காய்ச்சல், தாய் முழந்தாளில் இருந்து நேர்ந்தது, நான் தண்ணீருக்குப் போனது, என் சூப்பிலும் மாட்டெலும்பு இருப்பது எல்லாம் சொன்னாள். தன் உயிர் தப்பிய கதையைத் தன் மாமியாருக்குப் பிரெஞ்சில் சொல்லும் பிள்ளையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா என் மனைவியைப் பார்த்தார். அவள் கையெல்லாம் மாவோடு, என்ன நடக்கிறது என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று சிரித்தாள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்படியென்றால் அந்த எண்ணெய்?"

"அது உண்மை, மதாம்."

"எலி?"

"அதுவும் உண்மை."

பாணைப் பற்றி அவர் கேட்கவில்லை. கண்ணை மூடித் திறந்தார். மூன்று இடத்தையும் நான் தட்டிவிட்டபோது, எனக்கு அவருடைய மகனைப் பிடிக்கவில்லை, சொல்ல வழியில்லாமல் எலியைச் சொல்கிறேன் என்றுதான் தான் நினைத்ததாகச் சொன்னார். இரவில் நித்திரை இல்லையாம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த வெட்கம் இந்த வயதுவரைக்கும் வந்ததில்லை. மாப்பிள்ளை தங்கம் என்று மட்டும் சொன்னேன். அந்தச் சொல் எனக்குப் பிரெஞ்சில் தெரிந்திருந்தது ஆண்டவர் கிருபை.

எலும்பு போடாமல் அந்தச் சூப்பைச் செய்யமுடியாதா என்று அவர் கேட்டார். பதினாலு வருடத்தில் அதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

முதலாளியிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே விட்டார். ஒத்திகை நாளான வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனேன். மனைவியும் கூட வந்து பானையை மூன்று தரம் கழுவுவித்து, மணந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். லீக்ஸ், கரட், காளான் எல்லாவற்றையும் கறுக்கும்வரை வாட்டி அவித்து, வெங்காயத்தை இரண்டு மணித்தியாலம் கிண்டினேன். மீனுக்குப் புதுத் தட்டு, புது வெண்ணெய்.

பின்னேரம் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்கதவால் நுழைந்தேன். சம்பந்தியம்மா வாசலில் நின்று, யார் எந்தக் கதிரையில் என்று ஒவ்வொருவராக இருத்தினார். என்னைத் தன் வலப்பக்கத்தில் இருத்தினார். அன்றைக்கு அது அவருடைய வீடு, நாங்கள் அவருடைய விருந்தாளிகள். அவருடைய பதினெட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் மீனையே சாப்பிட்டார்கள். கோப்பை காலியானதும் எடுக்க எனக்குக் கை போனது, இரண்டு தரம் மகள் சட்டையைப் பிடித்து இருத்தினாள்.

சம்பந்தியம்மா சூப்பில் ஒரு கரண்டி குடித்தார். யோசித்தார். இன்னொரு கரண்டி குடித்தார்.

"எலும்போடு செய்வதுதான் நல்லது," என்று என் காதுக்குள் சொன்னார்.

ஓம் என்றேன். அது எனக்கும் தெரிந்த உண்மைதான். ஆனால் அவர் கோப்பையின் அடிவரைக்கும் குடித்து, பாணால் துடைத்தும் சாப்பிட்டார். பதினொரு வருடமாகக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று வெறும் கோப்பை திரும்பி வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். அது எப்படி வெறுமையாகிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

கலியாணம் நல்லபடி முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் பரிமாறுகிற பெண் குசினிக்குள் வந்து, வெளியே ஒரு மதாம் அக்காவோடு வந்திருக்கிறா, சூப்பு இன்றைக்கு எப்படி என்று உன்னிடம் கேட்கச் சொல்கிறா என்றாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு கதவால் தலையை நீட்டினேன். சம்பந்தியம்மா புருவத்தை உயர்த்தினார். எலும்பு போட்டதுதான் என்று தலையாட்டினேன். அவர் அக்காவுக்கும் சேர்த்து இரண்டு விரலைக் காட்டினார்.